தாசில்தார் சிலுப்பவில்லை

“பஸ்ஸுக்கு மேல உக்காந்து போறதுக்கு எம்புள்ள என்ன பலாப்பழ மூட்டைங்களா டீச்சர்?”

காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் இன்னும் உட்காரக்கூட இல்லை. மாதப்பன் பள்ளிக்கூட வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். வாசல் சின்னது, ஆள் பெரியவர். கையில் காப்பிச் செடி கவாத்துப் பண்ணுகிற கத்தி வேறு. தோட்டத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்திருக்கிறார் என்று சசிரேகா டீச்சருக்குத் தெரியும். இருந்தாலும் கத்தி கத்திதானே.

“என்னங்கண்ணா ஆச்சு?”

“நேத்து எங்கண்ணன் ஊட்டுல எல்லாரும் கூடியிருந்தமுங்க. எம்புள்ள சக்தி இங்கிலீஷ் பேசுச்சு. ‘ஐ வென்ட் டூ சேலம் ஆன் தி பஸ்’ அப்படீன்னுச்சு. ஆன்னா மேலன்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க? ‘மாதப்பன் புள்ள டாப்புல ஏறிப் போச்சாமா’ன்னு அத்தனை பேரும் சிரியாச் சிரிக்கறாங்க. நான் தலை நிமிர முடியலீங்க.”

நாலாம் வகுப்பு சக்தி, பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

சசிரேகாவுக்கு ‘ஆன் தி பஸ்’ சரி என்று தெரியும். ஏன் சரி என்றுதான் தெரியாது. அவர் படித்தது கணக்கு. ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்குப் போகிற சாலையில் ஒதுங்கிக் கிடக்கிற இந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் ஒருவர்தான் டீச்சர். அதனால் கணக்கும் அவர்தான், தமிழும் அவர்தான், தலையெழுத்தே என்று இங்கிலீஷும் அவர்தான்.

“பஸ்ஸுக்கு ஆன்தானுங்கண்ணா. காருக்குத்தான் இன்.”

“அதேனுங்க அப்படி?”

“வெள்ளைக்காரங்க அப்படித்தான் சொல்றாங்க.”

“இந்த மலையில எஸ்டேட் போட்ட வெள்ளைக்காரன் டாப்புல உக்காந்தா வந்தான்?”

“நாளைக்குச் சொல்றனுங்கண்ணா” என்று ஒரு நாள் தவணை வாங்கினார் சசிரேகா.

அன்று சாயங்காலம் போனில் சிக்னல் கிடைக்கிற ஒரே பாறையின்மேல் ஏறி நின்று தேடினார். விடை கிடைத்தது. எழுந்து நடமாடக்கூடிய பெரிய வண்டி என்றால் ஆன். குனிந்து நுழைந்து உட்கார மட்டுமே முடிகிற வண்டி என்றால் இன். ஆகா, இவ்வளவுதானா என்று சந்தோஷமாக இறங்கி வந்தார். மறுநாள் காலை மாதப்பன் வந்ததும் வராததுமாக அதைச் சொன்னார்.

மாதப்பன் பொறுமையாகக் கேட்டார். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர், தாடையைத் தடவிக்கொண்டார்.

“நம்மூரு மினி பஸ்ஸுல நான் ஒரு நாளும் நிமுந்து நின்னதில்லீங்க டீச்சர். குனிஞ்சேதான் போறேன். அப்ப ஒரே பஸ்ஸுல எனக்கு இன்னு, எம்புள்ளைக்கு ஆனுங்களா?”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

“தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லிப்போடுங்க. தப்பில்ல. கீழ எஸ்டேட் கேட்டு வரைக்கும் மஞ்ச வேன் வருது, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வேன். எங்கண்ணன் தம்பி புள்ளைங்களையும் சேத்து டி.சி. வாங்கி அதுல ஏத்தி உட்டுருவேன். அந்த வேனுக்கு இன்னோ ஆனோ, அவங்க பாத்துக்குவாங்க.”

விளையாட்டாகச் சொன்னாரா, வினையாகச் சொன்னாரா தெரியவில்லை. ஆனால் சசிரேகாவுக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளைகளில் பாதிக்குமேல் மாதப்பன் வகையறா. அவர்கள் போனால் மிச்சத்தை வேறு பள்ளியோடு சேர்த்துவிட்டு இங்கே பூட்டுப் போட்டுவிடுவார்கள். அவரையும் எங்காவது தூக்கிப் போடுவார்கள். மலைக்கு மாறுதல் வந்தபோது, ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுச் சேலத்துக்கே ஓடிவிட வேண்டும் என்றுதான் வந்தார். இப்போது யாராவது சேலத்துக்கு வா என்று கூப்பிட்டால் அழுதுவிடுவார். அவ்வளவு பிடித்துப்போயிருந்தது இந்தப் பள்ளிக்கூடம்.

எப்படியாவது இந்த இன், ஆன், அண்டரைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றியே தீருவது என்று முடிவு செய்தார்.

முதலில் டஸ்டரை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். டஸ்டர் மேசைமேல் இருந்தால் ஆன், கீழே இருந்தால் அண்டர். “நம்ம பேச்சுல மேசைக்கு மேலன்னு, மேலங்கிறது பின்னாடி வரும் கண்ணு. இங்கிலீஷ்ல அது முன்னாடி வந்துரும்” என்றார்.

“அவங்க அவசரக்காரங்களா டீச்சர்?” என்றாள் சக்தி.

இரண்டு நாளில் பிள்ளைகள் டஸ்டரைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் சும்மா சோதித்துப் பார்ப்போம் என்று, “வேர் இஸ் யுவர் ஹவுஸ்?” என்று கேட்டார் சசிரேகா.

“மை ஹவுஸ் இஸ் அண்டர் தி டஸ்டர்” என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது.

டஸ்டர் அசையாது. அதனால்தான் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். தானாக இடம் மாறுகிற ஒன்று வேண்டும் என்று தோன்றியது. பூனையைக் கொண்டுவரச் சொன்னார். பூனை வந்தது, ஒரே தாவில் பீரோவுக்குப் பின்னால் போனது, மதியம் வரை வரவில்லை. அன்று முழுக்க ‘பிஹைண்ட்’ மட்டும்தான் நடத்த முடிந்தது.

“எங்கூட்டுச் சேவலக் கொண்டாரட்டுங்களா டீச்சர்? சொன்ன பேச்சுக் கேக்கும்” என்றாள் சக்தி. “குஞ்சா இருக்கறப்பவே அதோட அம்மாவக் கீரி தூக்கிருச்சு. எங்கப்பாதான் மடியில வெச்சு வளத்தாரு. பேரு தாசில்தார்.”

“தாசில்தாரா?”

“நெலம் அளக்கற மாதிரியே நடக்குமுங்க. அப்பா வெச்ச பேரு.”

சேவல் கேட்டுப் போனால் மாதப்பன் என்ன சொல்வாரோ என்று சசிரேகாவுக்கு உதறல். அவரோ யோசிக்கவே இல்லை.

“தாராளமா வெச்சுக்குங்க டீச்சர். தெனமும் காலையில நானே கொண்டாந்து உடறனுங்க. ஆனா ஒண்ணு. அது சாமிக்கு நேந்துக்கிட்ட சேவலு. அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது.”

அந்த நேர்த்திக்கடன் கதை மலையில் எல்லாருக்கும் தெரியும், மாதப்பனே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். போன வருஷம் காப்பிக் காட்டுக்குள் ஒரு காட்டெருமை அவரைத் துரத்தியது. சில்வர் ஓக் மரத்தில் ஏறி உச்சியில் உட்கார்ந்துகொண்டார். காட்டெருமை மரத்தடியில் நின்றபோது, “முனியப்பா, உனக்கு ஒரு கிடாய் வெட்டறேன்” என்றார். அது கொஞ்சம் நகர்ந்து மேய ஆரம்பித்ததும், “ஒரு சேவல் அறுக்கறேன்” என்றார். இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தால் ஒரு தேங்காயில் முடித்திருப்பார், அதற்குள் காட்டெருமை போய்விட்டது. வீட்டில் இருந்த ஒரே சேவல் தாசில்தார்தான். தை மாதம் கடைசியில் முனியப்பன் பொங்கல். அன்றைக்கு அதன் கணக்கு முடிகிறது.

மறுநாள் காலை தாசில்தார் மாதப்பனின் கக்கத்தில் வந்து இறங்கினார். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.

“என்னங்கண்ணா இப்படி நனைஞ்சிருக்கு?”

“பனிங்க டீச்சர். நொம்பப் பனி.”

ஏற்காட்டுத் தைப்பனியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? சசிரேகா தன் கைக்குட்டையால் சேவலைத் துடைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சேவலுக்கு இருந்த புத்தி பாதிப் பேருக்குக் கிடையாது. மேசைமேல் நாலு சாமை அரிசியைப் போட்டு “ஆன்” என்றால் ஏறியது. கீழே போட்டு “அண்டர்” என்றால் நுழைந்தது. கூடைக்குள் “இன்”, இரண்டு பெஞ்சுக்கு நடுவில் “பிட்வீன்”. ஒரு வாரத்தில் சாமை போடாமலே சொன்ன இடத்துக்குப் போக ஆரம்பித்தது. போன இடத்தில் சிலையாக நின்றது. பிள்ளைகள் எல்லாரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் இறகுகூட அசைக்காது.

‘அட்’ ஒன்றுதான் இடித்தது. அதை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் சசிரேகா தவித்தார். அதற்கும் வழி கிடைத்தது. சேவலைக் கொண்டுவந்து விடுகிற மாதப்பன் தோட்டத்துக்குப் போகாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பார். கேட்டால், “சாமி சொத்துங்க, பாத்துக்க வேண்டாங்களா?” என்பார். உள்ளேயும் வர மாட்டார், வெளியேயும் போக மாட்டார்.

“மாதப்பன் இஸ் அட் தி விண்டோ” என்றது வகுப்பு.

மாதப்பனுக்கு வெட்கம் வந்துவிட்டது. இருந்தாலும் அடுத்த நாளும் அதே ஜன்னலில்தான் நின்றார்.

பிள்ளைகள் இங்கிலீஷை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மாதப்பனின் மனைவி காவேரி அடுப்படியில் இருந்து, “ஏன் கண்ணு, உப்பு எங்க வெச்ச?” என்று கேட்டால், “பிஹைண்ட் தி புளி” என்று சக்தியிடம் இருந்து பதில் வந்தது. காப்பி உலர்த்துகிற களத்தில், மிளகு மூட்டைக்குப் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் இன், ஆன், அண்டர். மஞ்சள் வேனில் போகிற பிள்ளை ஒன்றுக்கு ‘பிட்வீன்’ தெரியவில்லை என்று செய்தி பரவியது. அதோடு வேன் பேச்சு ஊரில் அடங்கியது. மினி பஸ் கேள்வியை மாதப்பனும் மறந்துவிட்டார்.

சசிரேகாவுக்கு நிம்மதி. ஆனால் பொங்கல் நெருங்க நெருங்க அந்த நிம்மதியில் ஒரு முள். தாசில்தார் மேசைமேல் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சைப் பிசைந்தது. ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டார்.

“ஏனுங்கண்ணா, இதுக்குப் பதிலா வேற சேவல் வாங்கித் தந்தா சாமி ஒத்துக்காதுங்களா? நான் வேணும்னா வாங்கித் தரேன்.”

மாதப்பன் முறைத்தார். “சொன்ன வார்த்தைய மாத்தறதுக்கு இதென்ன ஊட்டுப் பேச்சுங்களா டீச்சர்? சாமியாப் பாத்து வேண்டாம்னாத்தான் உண்டு.”

கல்நெஞ்சக்காரர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டார் சசிரேகா.

பொங்கல் அன்று பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். கோயில் என்றால் கட்டடம் இல்லை. காப்பிக் காட்டு ஓரத்தில், பெரிய மீசையோடு முனியப்பன் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் ஒரு மண் குதிரை, அவ்வளவுதான். ஊரே கூடியிருந்தது. பெரிய பெரிய அண்டாக்களில் சோறு தயாராக இருந்தது. மாதப்பனின் காணிக்கை முடிந்ததும் பந்தி.

பூசாரி பெரியண்ணன் சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு வந்தார். தாசில்தார் கழுத்தில் ஒரு சின்ன மாலை. முனியப்பனுக்கு முன்னால் கம்பீரமாக நின்றார். தண்ணீர் தெளித்ததும் சேவல் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். சிலுப்பாமல் கத்தி வைக்கக்கூடாது. இது அந்த ஊர் முறை.

சசிரேகா கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளைகளும் மூடிக்கொண்டார்கள்.

பூசாரி தெளித்தார்.

சத்தமே இல்லை. சசிரேகா ஒரு கண்ணைத் திறந்தார். தாசில்தார் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

“சாமி, உத்தரவு குடுங்க சாமி” என்று இன்னொரு முறை தெளித்தார் பூசாரி. சேவல் அசையவில்லை. மூன்றாம் முறை கை நிறைய அள்ளித் தெளித்தார். கொண்டையில் இருந்து தண்ணீர் வழிந்து மூக்கில் சொட்டியது. தாசில்தார் ஒரு இறகைக்கூட ஆட்டவில்லை. கடைசியில் பூசாரி சொம்போடு தலையில் கவிழ்த்தார். சேவல் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

“காதுல ஒரு சொட்டு உடுங்க பூசாரி. தானாச் சிலுப்பும்” என்றார் பசி தாங்காத ஒருவர்.

“சாமி காரியத்துல தந்திரம் பண்ணக் கூடாதுங்க” என்று பாய்ந்தார் மாதப்பன். “யாரும் மேல கை வெக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

“அப்ப என்னதான் குறைன்னு கேக்கோணுமில்ல?” என்றார் பூசாரி. “ஏம்ப்பா மாதப்பா, மரத்து மேல இருக்கறப்ப மொதல்ல கிடாய்னுதான சொன்ன? சாமி அதைத்தான் கேக்குதோ?”

மாதப்பன் முகம் வெளுத்துவிட்டது. ஒரு கிடாய் என்ன விலை விற்கிறது என்பது ஊருக்கே தெரியும். அவர் அங்கும் இங்கும் பார்த்தார். பார்வை நேராகச் சசிரேகாமேல் வந்து விழுந்தது.

“சாமிக்கு என்னுங்க குறை? குறையெல்லாம் பள்ளிக்கூடத்துல. அசையாம நில்லு, அசையாம நில்லுன்னு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்து, நல்லா இருந்த சேவலக் கெடுத்துப்போட்டாங்க டீச்சர்.”

அத்தனை தலைகளும் திரும்பின. சசிரேகாவுக்குப் பட்டுப் புடவைக்குள் வேர்த்துக் கொட்டியது.

“அண்ணா, நான் தண்ணியே தெளிச்சதில்லைங்கண்ணா. மேல ஏறு, கீழ எறங்குன்னுதான்...”

“அதேதானுங்க. நீங்க சொன்னாத்தான் அசையும்னு ஆயிருச்சு. இப்ப என்ர நேத்திக்கடன் அந்தரத்துல நிக்குது. சாமி கோவிச்சுக்கிட்டு மறுபடியும் காட்டெருமைய அனுப்பினா நீங்களா மரம் ஏறுவீங்க? நாளைக்கு விடிஞ்சதும் எங்க புள்ளைங்க அத்தனை பேருக்கும் டி.சி. எழுதி வெச்சுருங்க.”

போச்சு. எந்தச் சேவலைக் கொண்டு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றினாரோ, அதே சேவல் பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

“அம்மணி, நீ பழக்குன சேவலு. நீயே சொல்லிப் பாரு” என்றார் பூசாரி. “எடத்த உட்டு அசைஞ்சாவது ஒரு சிலுப்பு சிலுப்புதான்னு பாக்கலாம்.”

அந்தச் சேவல் சிலுப்பினால் சேவல் போகிறது. சிலுப்பாவிட்டால் பள்ளிக்கூடம் போகிறது. சசிரேகா முன்னால் வந்து, இருப்பதில் ஆபத்து இல்லாத ஒன்றாகப் பார்த்து, “அண்டர்” என்றார்.

தாசில்தார் விறுவிறுவென்று நடந்தது. மண் குதிரையின் வயிற்றுக்குக் கீழே போய் நின்றது.

பிள்ளைகளுக்கு இது போதாதா? “தி தாசில்தார் இஸ் அண்டர் தி குதிரை” என்று ஒரே குரலில் கத்தினார்கள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாதப்பன் திரும்பி முறைத்தார்.

குதிரைக்குக் கீழே இருந்தால் எப்படித் தண்ணீர் தெளிப்பது? வெளியே வரவைக்க வேண்டும். பதற்றத்தில், “இன்” என்றார் சசிரேகா. சேவல் நேராகப் பூசைக் கூடைக்குள் குதித்தது. வாழைப்பழம் ஒன்றைக் கொத்திச் சாப்பிட ஆரம்பித்தது.

“தி தாசில்தார் இஸ் இன் தி கூடை.”

“பூசைக்கு வெச்ச பழமுங்க அது” என்று தலையில் கை வைத்துக்கொண்டார் பூசாரி. “எறக்கு அம்மணி, எறக்கு.”

இறக்குவதற்கு இங்கிலீஷில் அந்த நேரத்தில் ஒரு வார்த்தையும் வரவில்லை. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

“ஆன்” என்றார் சசிரேகா.

சொன்ன அந்த நிமிஷமே, ஐயோ இங்கே மேசை இல்லையே என்று அவருக்கு உறைத்தது. தாசில்தாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கூடைக்குள் நின்றபடியே மேசையைத் தேடி நாலு பக்கமும் பார்த்தது. பிறகு இறக்கையை விரித்து ஒரு எழும்பு எழும்பி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த முனியப்பனின் மடியில் போய் இறங்கியது. கால்களை மடக்கிக்கொண்டு சௌகரியமாகப் படுத்தும்விட்டது.

இந்த முறை பிள்ளைகள்கூட வாயைத் திறக்கவில்லை. முடிந்தது, இன்றோடு நம்மை மலையில் இருந்து இறக்கிவிடுவார்கள் என்று நினைத்தார் சசிரேகா. கண் கலங்கிவிட்டது.

பூசாரி பெரியண்ணன் சேவலைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“தண்ணிக்குச் சிலுப்பலீன்னா வேண்டாம்னு அர்த்தம். இப்ப மடியிலயே எடுத்து வெச்சுக்கிட்டாரு. இதுக்கு மேல என்னப்பா உத்தரவு வேணும்?” என்றார் உரக்க. “சேவலும் வேண்டாம், கிடாயும் வேண்டாம். மாதப்பன் ஊருக்குச் சக்கரைப் பொங்கல் வெச்சாப் போதும். இனிமே இது சாமி சேவலு. பழகுன எடம் பள்ளிக்கூடம், அங்கயே இருந்துட்டுப் போவட்டும்.”

ஊர் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பசித்தவர்கள் பந்திக்கு ஓடினார்கள். பிள்ளைகள் சேவலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். மாதப்பன் மட்டும் யாரோடும் பேசாமல் திரும்பி நின்று, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதருக்கு ஊர் நடுவில் இப்படி ஒரு அவமானம் ஆகிவிட்டதே, எல்லாம் நம்மால்தானே என்று சசிரேகாவுக்குத் தாங்கவில்லை. கிட்டே போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் தைரியம் வரவில்லை. சோறு சாப்பிடாமலே வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஒரு பொட்டுப் பனி இல்லை. மலை முழுக்கப் பளிச்சென்று வெயில். மேசைமேல் டி.சி. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வெறும் பெஞ்சுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் சசிரேகா. யாருடைய பெயரை முதலில் எழுதுவது என்று மனசு வரவில்லை.

வெளியே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. மாதப்பன் வகையறாவில் ஒன்று பாக்கி இல்லாமல் அத்தனையும் பையோடு வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தன. பின்னாலேயே காவேரி வந்தார். ஒரு கையில் சர்க்கரைப் பொங்கல் தூக்கு, இன்னொரு கக்கத்தில் தாசில்தார்.

“நேத்துச் சாப்பிடாம வந்துட்டீங்களாமே டீச்சர். அவருதானுங்க குடுத்து உட்டாரு.”

“அண்ணன் வரலீங்களாக்கா?” என்று தயங்கினார் சசிரேகா. “டி.சி. ...”

“எந்த டி.சி.ங்க?”

“நேத்து ஊர் முன்னாடி அப்படிச் சொன்னாருங்களே. அவர் கோவத்துலயும் ஞாயம் இருக்குதுங்கக்கா. நான்தான் பழக்கிப் பழக்கிச் சேவலைக் கெடுத்துட்டேன். அண்ணன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டன்னு சொல்லுங்க.”

காவேரி சேவலை மேசைமேல் இறக்கினார். அது நின்ற இடத்தில் தண்ணீர் சொட்டி, டி.சி. புத்தகம் நனைய ஆரம்பித்தது. சசிரேகா வழக்கம்போலத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். எடுத்தவர் ஜன்னலுக்கு வெளியே அடிக்கிற வெயிலைப் பார்த்தார்.

“இன்னைக்குப் பனியே இல்லீங்களேக்கா. அப்புறம் எப்படி இது நனைஞ்சிருக்கு?”

காவேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, டீச்சர் காதருகே குனிந்து சொன்னார்:

“பழக்கத்த உட முடியலீங்க டீச்சர், அன்னைக்கு மரத்த உட்டு எறங்கி வந்த சாயங்காலமே ஆரம்பிச்சதுங்க, தெனமும் சொம்புத் தண்ணிய இது தலையில ஊத்தி, சிலுப்பாம நின்னா ஒரு கை சாமை போட்டு, எங்கூட்டுக்காரருதானுங்க இத்தனை நாளும் பழக்குனாரு.”